நேற்றே கொடுத்த அட்டை

பல்கலைக்கழக ஆய்வகப் பிரிவின் கதவுக்கு வெளியே, ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்கான நேர்காணலுக்கு இரண்டு பெண்கள் காத்திருக்கிறார்கள். ஒருத்தி இங்கேயே தற்காலிகமாக நோயாளிகளின் ரத்த மாதிரிகளைப் பார்த்துக்கொள்பவள். "விண்ணப்பம் மட்டும் போடும்மா, இடம் உனக்குத்தான்" என்ற பேராசிரியரை நம்பி, கைக்கு வந்த வேறு வேலையை உதறியவள். மற்றவள் புதியவள். "பாத்ரூம் எங்கக்கா?" "உள்ள. இரு, கார்டு காட்டினாத்தான் திறக்கும்." அவள் பையைத் துழாவி எடுப்பதற்குள், "என்கிட்டயே இருக்குக்கா. நேத்தே போட்டோ எடுத்து ஸ்டாஃப் கார்டு குடுத்துட்டாங்க" என்று புதியவள் தன் அட்டையைக் கதவில் காட்டுகிறாள். பச்சை விளக்கு எரிகிறது. உள்ளிருந்து குளிர்பெட்டிகளின் இரைச்சல் வந்து, கதவு சாத்தியதும் அடங்குகிறது. துழாவிய கை பைக்குள்ளேயே நிற்கிறது. எதிர் அறையிலிருந்து பேராசிரியர் முகமெல்லாம் சிரிப்பாக எட்டிப்பார்க்கிறார். "முதல்ல நீ வாம்மா. பயப்படாதே, எல்லாம் நம்ம ஆளுங்கதான்."