கலங்கரை விளக்கத்துக்கு ஒரு சீட்டு

கலங்கரை விளக்கத்தின் படிகளைப் பதினோராண்டுகளாகப் பெருக்கிவரும் அஞ்சுகம், தன் விடுமுறை நாளில் புடைவை மடிப்புக் கலையாமல், பார்வையாளர் வரிசையில் வந்து நின்றாள்.

"உனக்கெதுக்குக்கா டிக்கெட்டு? சும்மா ஏறு" என்றான் சீட்டு கொடுப்பவன்.

"சும்மா ஏறினா ஒரு நிமிஷம் நிக்க விடமாட்டேங்கிறீங்க. கிழிச்சுக் குடு."

உச்சி மாடத்தில் எல்லோரும் கடலைப் பார்த்தனர். அவள் மட்டும் ஊர்ப்பக்கம் திரும்பி, நெருங்கிக் கிடந்த கூரைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுத் தேடினாள். மேற்பார்வையாளர் மூச்சிரைக்க ஏறி வந்து, கைப்பிடிச் சுவரோரம் அவளுக்கெதிரே நின்றார்.

"நல்லவேளை, நீ இருக்கே. அந்த மூலையில ஐஸ்கிரீமைக் கொட்டிட்டாங்க. சட்டுனு தொடைச்சிடு."

அவள் நீட்டிய விரலை மடக்கவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். எங்க வீட்டை மறைக்கிறீங்க."