ஐம்பத்தைந்து நிமிடம்

"எத்தனை நிமிஷப் பயணம்ங்க?" தெரிந்தேதான் கேட்டாள்.

"முந்நூத்தி எண்பது கிலோமீட்டர். ஐம்பத்தஞ்சு நிமிஷம்," என்றார் ஏர்போர்ட்டின் தலை நரைத்த கவுன்ட்டர்காரர்.

காலை பத்து பத்துக்குக் கிளம்பும் இதே விமானத்தில்தான் அவள் புருஷனும் கடைசியாகப் போனான். மருந்துக் கம்பெனி விற்பனையாளன், வாராவாரம் பயணம். சக்கரம் தரையைத் தொட்டதும், பெல்ட்டைக்கூடக் கழற்றாமல், "இறங்கிட்டேன்" என்று போன் செய்துவிடுவான். விமானம் கடலில் விழுந்த அன்றும் அவன் தவறவில்லை.

அதுதான் விஷயம். கிளம்பிய பத்தாவது நிமிடமே அது விழுந்துவிட்டது. ஆனால் டாண் என்று பதினொன்று ஐந்துக்கு அவளுக்குப் போன் வந்தது. "இறங்கிட்டேன். நீ சாப்பிடு." சாட்சாத் அவன் குரல்.

விடியற்காலையிலேயே போனில் போர்டிங் பாஸ் எடுத்திருந்தான். அதனால் பயணிகள் பட்டியலில் பெயர் இருந்தது. உடல்தான் கிடைக்கவில்லை. கடல் பாதிப் பேரைத் திருப்பித் தரவே இல்லை.

போன் வந்ததை அவனுடைய அக்காவான நாத்தனாரிடம் மட்டும் சொன்னாள். "வெளியில மூச்சு விடாத. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. உசுரு போயும் உன்னைத் தேடி வந்திருக்கான் பாரு," என்றாள் அவள். மனசு தாங்காது என்று பேப்பரையும் டிவியையும் வீட்டில் அண்டவிடாமல் பார்த்துக்கொண்டதும் அவள்தான்.

எட்டு வருடம் ஆகிவிட்டது. இன்னும் பதினொன்று ஐந்தானால் காதுக்குள் அந்தக் குரல் கேட்கிறது. பயமாகவும் இருக்கும், கேட்காவிட்டால் சோறும் இறங்காது.

அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து நூலகர் தங்கமான மனிதர். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டு ஆறு மாதம் ஆகிறது. நாளைக்குப் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். செத்தும் சொல் தவறாதவனுக்கு எப்படித் துரோகம் செய்வது? அதே விமானத்தில் போய் இறங்கி, "நானும் இறங்கிட்டேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அவன் விட்டுவிடுவான் என்று நம்பினாள்.

போகவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்ற நாத்தனார், கடைசியில் தானும் கூடவே கிளம்பி வந்துவிட்டாள்.

"இன்னைக்கு அரை மணி லேட்டும்மா. பனி," என்றார் கவுன்ட்டர்காரர். "இந்த மாசத்துல இப்படித்தான். எட்டு வருஷம் முன்னாடி ஒண்ணு விழுந்துச்சே, அன்னிக்கும் இதே பனி. அரை மணி லேட்டா, பத்து நாப்பதுக்குத்தான் கிளம்புச்சு. நான்தான் எல்லாரையும் ஏத்திவிட்டேன்."

"வா, அந்தப் பக்கம் போய் உக்காரலாம்." நாத்தனார் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவள் நகரவில்லை. விரல்விட்டு எண்ணினாள். பத்து நாற்பதுக்குக் கிளம்பியது பதினொன்று முப்பத்தைந்துக்குத்தான் இறங்கியிருக்க வேண்டும். பதினொன்று ஐந்து என்பது அட்டவணையில் அச்சடித்த நேரம். அந்த விமானத்தில் ஏறியவன் பிணமாகவே பேசியிருந்தாலும், அரை மணி லேட் என்பது அவனுக்குத் தெரியாமலா போகும்?

திரும்பினாள். நாத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி," என்றாள் மெதுவாக. "உங்க தம்பி இப்ப எங்க இருக்காரு?"