கண் தெரிகிற கண்ணாடி

நாலாவது கண்ணாடியையும் வேண்டாமென்று தள்ளினேன். கடைப் பெண்ணின் முகம் சுருங்கிப்போனது.

சுருங்கட்டும். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கடையிலிருந்த அத்தனை கண்ணாடியையும் காலில் போட்டு மிதித்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, இருப்பதிலேயே கன்னங்கரேலென்றிருந்த ஒன்றை விரலால் காட்டிக்கொண்டிருந்தார். முடியாது என்று தலையை ஆட்டினேன். மறுபடியும் அதையே காட்டினார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே எங்களுக்குள் பேச்சு இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் சொன்னது இதுதான். இவருடைய வலது கண்ணில், மூக்குப் பக்கத்து ஓரத்தில், சதை வளர்கிறது. இப்படியே விட்டால் கருவிழி மேல் ஏறிப் பார்வையை மறைத்துவிடும். இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது. எல்லாம் வெயிலிலிருக்கும் புற ஊதாக் கதிர் செய்கிற வேலை.

நான் பதறிக்கொண்டிருக்க, இந்த மனிதர் சுவரிலிருந்த கண் படத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

இவருக்கு மொட்டை மாடிகளில் வெள்ளைப் பூச்சு அடிக்கிற வேலை. வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், அடித்த பூச்சில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும். அதற்காகத்தான் கறுப்புக் கண்ணாடி போடுகிறாரே என்று நான் டாக்டரிடம் பெருமையாக எடுத்துக் காட்டினேன். பஸ் நிறுத்தத்தில் துணி விரித்து விற்பவனிடம் இவர் வாங்கியது. நூறு சதவீதப் பாதுகாப்பு என்று தங்க நிற ஸ்டிக்கர் வேறு.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டு மேசைமேல் போட்டார். கறுப்பாக இருந்தால் மட்டும் கதிர் நின்றுவிடாதாம். இருட்டிவிட்டதென்று நினைத்துக் கண்மணி அகல விரியுமாம். கதவைத் திறந்து வைத்துக் கதிரை உள்ளே கூப்பிடுகிற மாதிரி. இந்தக் கண்ணாடியைப் போடுவதற்குச் சும்மா இருப்பதே மேல் என்றார்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஸ்டிக்கர் ஒட்டினவனை நினைத்து எரிந்தது. அதை நம்பின எங்களை நினைத்து இன்னும் எரிந்தது.

வாசலுக்கு வந்ததும் எல்லாவற்றையும் இவருக்கு எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் என்ன செய்தார் தெரியுமா? சட்டைப் பையிலிருந்து அதே கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அத்தோடு நிறுத்திவிட்டேன். இனி ஒரு வார்த்தை கிடையாது என்று முடிவு செய்து, இழுக்காத குறையாக இந்தக் கடைக்குக் கூட்டி வந்தேன்.

கடைப் பெண் விவரமானவள்தான். உள்ளே நுழைந்ததும், ஒரு வெள்ளை அட்டையில் சின்ன ஊதா டார்ச்சை அடித்துக் காட்டினாள். ஒன்றுமில்லாமலிருந்த அட்டையில் பச்சையாக ஒரு பூ மின்னியது. நடுவே இவருடைய பஸ் நிறுத்தக் கண்ணாடியைப் பிடித்தாள். பூ அப்படியே மின்னிக்கொண்டிருந்தது. கடைக் கண்ணாடி ஒன்றைப் பிடித்தாள். பூ காணாமல் போனது.

அதைப் பார்த்த பிறகுதான் இவர் முகம் மாறியது. பழைய கண்ணாடியைத் தானே எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். சரி, புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். எங்கே வந்தது? புதிதும் கறுப்பாகத்தான் வேண்டுமென்று அடம்.

"கண் வெளிய தெரியிற மாதிரி ஒண்ணும் இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"இருக்குக்கா. நிறம் கண் கூசாம இருக்கத்தான், கதிரைத் தடுக்கிறது வேற. ஆனா சார் கறுப்புதானே கேக்குறாரு? நானும் எவ்வளவோ பேசிப் பார்த்துட்டேன், வாயே திறக்க மாட்டேங்கிறாரு. ரொம்பக் கோவக்காரரோ?"

யாருக்குக் கோபம் என்று அவளுக்கு என்ன தெரியும்.

தண்ணீர் கலந்த டீ நிறத்தில் ஒன்றை எடுத்தாள். பக்கவாட்டிலும் மூடியிருந்தது. டார்ச்சை அடித்தாள். பூ அணைந்தது. போட்டுப் பார்க்கச் சொல்லி இவரை இரண்டு முறை கூப்பிட்டாள். இவர் கறுப்புக் கண்ணாடிகளின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் முழங்காலில் தட்டினேன். திரும்பினார். வாங்கி மாட்டினார்.

இரண்டு கண்ணும் தெரிந்தன. ஓரத்தில் சிவந்திருந்த அந்தச் சதைகூடத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் கோபம் இன்னும் ஏறியது.

கட்டியிருந்த கையை அவிழ்த்தேன். அவிழ்த்ததும் என் விரல்கள் பேச ஆரம்பித்தன.

கடைப் பெண் டார்ச்சை அணைக்க மறந்து நின்றாள்.

இவருக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. எங்கள் வீட்டில் கொஞ்சலும் கையால்தான், ஏச்சும் கையால்தான். நான் சொல்வதையெல்லாம் இவர் கண்ணால்தான் கேட்க வேண்டும். அந்தக் கண்ணும் போய்விட்டால், பக்கத்திலேயே நான் உட்கார்ந்திருந்தாலும் இவரிடம் பேச எனக்கு வழி ஏது?

டாக்டர் சொன்னது, பூ மின்னியது, நான் பயந்தது, எல்லாவற்றையும் முதலிலிருந்து கொட்டினேன். பாதி வரை பார்த்தார். பிறகு, எந்தச் சண்டையிலும் செய்கிற மாதிரி, கண்ணை இறுக மூடிக்கொண்டார். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்களே, இவருக்கு அது இதுதான்.

டீ நிறக் கண்ணாடிக்குள் அது பளிச்சென்று தெரிந்தது.

அடப்பாவி! பஸ் நிறுத்தக் கண்ணாடி வந்த நாளிலிருந்து எத்தனை சண்டையை நான் அந்தக் கறுப்புக்குப் பின்னால் மூடிய கண்ணிடம் போட்டேனோ.

தோளில் ஓங்கி ஒன்று வைத்தேன். கண்ணைத் திறந்தார்.

விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.