கிடங்குக்கு ஏற்ற இடம்

கடலூருக்கு வெளியே, சிதம்பரம் சாலையோரப் புறம்போக்கில் மாசி வெயில் காய்கிறது. லாரிகள் ஊருக்குள் நுழையாதபடி, சரக்கையெல்லாம் ஓரிடத்தில் இறக்கிச் சின்ன வண்டிகளில் கடைகளுக்கு அனுப்ப ஒரு கிடங்கு வரப்போகிறது. இடம் பார்க்க வந்த அதிகாரி தொப்பியால் விசிறிக்கொள்கிறார். "ரோடு பக்கம். சுனாமிக்குக்கூட இங்க தண்ணி ஏறல. வீடு வாசலும் கெடையாது. இதவிட நல்ல எடம் எங்கப்பா அமையும்?" டேப்பின் மறுமுனையைப் பிடித்திருக்கும் சுமைதூக்கி தனவேலு தலையாட்டுகிறான். கிடங்கில் அவனுக்கு நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். "மச்சான் இப்பவே மேனேஜர் மாரி நிக்கிறாரு பாரு," என்று கூட்டாளி ஒருவன் சிரிக்கிறான்.

குடத்தில் தண்ணீர் கொண்டுவந்த அவன் மனைவி பூங்காவனம் சிரிக்கவில்லை. அவள் கண் அங்கே கிடக்கும் காய்ந்த கருவேல முள்மேல் இருக்கிறது. பேர் வைக்குமுன் போகும் பிள்ளைக்குக் கல் நடும் வழக்கமில்லை. போன ஐப்பசியில் தங்கள் பிள்ளையை இங்கே புதைத்த அன்று, நாய் தோண்டாமலிருக்கத் தனவேலுதான் அந்த முள்ளை வெட்டிப் போட்டான். "மாமா, சொல்லு," என்கிறாள் மெதுவாக. அவன் டேப்பையே பார்க்கிறான். "அங்க ஏதாச்சும் இருக்கா?" என்று அதிகாரி கேட்கிறார். "வெறும் முள்ளுதான் சார்," என்று தனவேலு அதைக் காலால் ஒதுக்குகிறான். சுத்தியல் விழுகிறது. முள் கிடந்த இடத்திலேயே வெள்ளையடித்த எல்லைக்கல் மண்ணுக்குள் இறங்குகிறது. ஒவ்வோர் அடிக்கும் குடத்துத் தண்ணீர் நடுங்குகிறது.

ஜீப் போன புழுதி அடங்குகிறது. பூங்காவனம் முள்ளை இழுத்துவந்து கல்லைச் சுற்றிப் போடுகிறாள்.

"எடுத்துடு புள்ள. நாளைக்கி வந்து பாத்தா திட்டுவாங்க."

"நாய் வருமில்ல," என்கிறாள்.