பஸ்ஸில் ஒரே ஒரு ப்ளக்

“தம்பி, உங்க போனைக் கொஞ்சம் கழட்டிக்கிறீங்களா? நான் தூங்கணும்.”

பெயிண்டர் நிமிர்ந்து பார்த்தார். பஸ் கிளம்பி இன்னும் ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. அதற்குள் கழுத்துவரை போர்வை போர்த்திய ஒரு பெரியவர், கையில் பையோடு கடைசி வரிசைக்கு வந்து நின்றார்.

“நீங்க தூங்குறதுக்கும் என் போனுக்கும் என்னண்ணே சம்பந்தம்?”

பெரியவர் பையைத் திறந்தார். செங்கல் அளவுக்கு ஒரு பெட்டி வந்தது. பெட்டியிலிருந்து நீளமாக ஒரு குழாய். குழாயின் நுனியில் மூக்குக்கு மாட்டுகிற மூடி ஒன்று. கடைசியாக ஒரு தண்ணீர் பாட்டில்.

“மெஷினுக்கும் தாகம் எடுக்குமா?”

“மூக்கு காயாம இருக்கத் தண்ணி ஊத்தணும் தம்பி. தூக்கத்துல எனக்கு மூச்சு நின்னு நின்னு வருதாம். இது காத்தைத் தள்ளினாதான் ஒழுங்கா தூங்க முடியும். பஸ்ஸுக்கு முன்பக்கம் இருந்த ப்ளக் எரிஞ்சுபோச்சு. மிச்சம் இது ஒண்ணுதான்.”

“இங்க ப்ளக் இருக்குன்னு தெரிஞ்சுதானே இந்தக் குலுங்குற சீட்டைக் கேட்டு வாங்கினேன்” என்றார் பெயிண்டர்.

அவருடைய போன் வயரில் இருக்கும்வரைதான் உயிரோடு இருக்கும். வயரைப் பிடுங்கினால் பொட்டென்று போய்விடும். விடிகாலையில் காண்ட்ராக்டர் கூப்பிட்டு, எந்தக் கட்டடத்துக்கு வர வேண்டும் என்று சொல்வார். எடுக்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். இரண்டு மாதம் சும்மா கிடந்த பிறகு வாசல் தேடி வந்த வேலை.

“ஏங்க, வயசானவரு. குடுத்துடுங்க” என்றாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவி.

“எல்லாருக்கும் பாவம் பாத்துப் பாத்துத்தான் பிரஷ் காய்ஞ்சு கெடக்கு. நீ சும்மா இரு.”

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். “நான் தூங்குறது உங்களுக்கும் நல்லது தம்பி.”

“குறட்டைக்குத்தானே சொல்றீங்க? அதை நான் பாத்துக்குறேன்.”

முன் சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “இதை மாட்டினா ப்ளேன் ஓட்டப் போறவர் மாதிரியே இருப்பீங்க சார்.”

அக்கம்பக்கத்து சீட்டுகள் எல்லாம் சிரித்தன.

“ப்ளேன் இல்லைங்க...” என்று ஏதோ சொல்ல வந்த பெரியவர், வாயை மூடிக்கொண்டு பெயிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டி அவர் மடியில் சும்மா கிடந்தது. தும்பிக்கை மாதிரித் தொங்கிய குழாய், பஸ் ஆடும்போதெல்லாம் பெயிண்டரின் முழங்காலைத் தடவிவிட்டுப் போனது.

“வீட்லயும் இதோட மல்லுக்கட்டுதான்” என்று பெரியவரே பேச்சை ஆரம்பித்தார். “மொத வாரம் வாயைத் திறந்தா காத்து புஸ்ஸுனு வெளிய போகும். மூடி கொஞ்சம் நகர்ந்தா கண்ணுல ஊதும். பேரன் என்னைப் பாத்துட்டுக் கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டான்.”

“வீட்டம்மா நிம்மதியா தூங்கியிருப்பாங்களே?”

“எங்க? இத்தனை வருஷமா காதுல பஞ்சு வச்சுப் படுத்தவ, இப்ப சத்தமே இல்லேன்னு எழுந்து எழுந்து என் மூக்குகிட்ட விரலை வச்சுப் பாக்குறா. என் தூக்கமே அவ விரலாலதான் கெடுது.”

பெயிண்டரின் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெயிண்டருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ப்ளக்கை விடவில்லை.

“போன் நின்னா என் வேலை போயிடும்ணே. கோவிச்சுக்காதீங்க.”

“தூங்கலேன்னா என் வேலையும் ஓடாது தம்பி.”

“காலையில போய் இறங்கினதும் வேலையா?”

“அதுக்கு முன்னாடியே.”

கொஞ்ச நேரத்தில் பெரியவரின் தலை சாய்ந்தது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம். பிறகு திடீரென்று ஒன்றுமில்லை. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவர் மாதிரி ஒரு திணறல்.

பெயிண்டர் முழங்கையால் இடித்தார். “அண்ணே, சத்தம்.”

பெரியவர் திடுக்கிட்டு விழித்தார். திரும்பவும் கண் சொருகியது. திரும்பவும் ஜல்லி. திரும்பவும் முழங்கை.

“நல்ல காரியம் பண்றீங்க. விட்றாதீங்க” என்று முன் சீட்டுக்காரர் கம்பளிக்குள்ளிருந்து பாராட்டினார்.

பெயிண்டருக்குப் பெருமையாக இருந்தது. பஸ் முழுக்க நிம்மதியாகத் தூங்க, தான் ஒருவன் காவல் இருக்கிறோமே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். வழியெல்லாம் கடமை தவறாமல் இடித்தார். பெரியவரின் கண் சிவந்து, இமை வீங்கி, முகமே ஊறவைத்த அட்டை மாதிரி ஆகிவிட்டது.

மலையடிவாரத்தில் ஒரு டீக்கடை முன்னால் பஸ் நின்றது. விளக்குகள் எரிந்தன. டிரைவர் சோம்பல் முறித்தபடி நேராகக் கடைசி வரிசைக்கு வந்தார். பெரியவர் போர்வையை விலக்கி எழுந்தார். உள்ளே டிரைவர் போட்டிருந்த அதே நிறச் சட்டை, அதே மாதிரிப் பட்டன்.

“என் பாதி முடிஞ்சுதுண்ணே. இனிமே மலை உங்க பாடு” என்று டிரைவர் சாவியை நீட்டினார். “நல்லா தூங்குனீங்கல்ல?”

பெயிண்டரின் கை தானாகப் போய் வயரைப் பிடுங்கியது. போன் பொட்டென்று அணைந்தது.

“அண்ணே,” என்று அவர் தும்பிக்கையை இரண்டு கைகளாலும் ஏந்தி நீட்டினார், “மலை எங்கேயும் ஓடிடாது. மொதல்ல நீங்க படுங்க.”