ஒரு வார ஒத்திகை

"எங்க வீட்டுக்காரர் குடுத்த லெட்டரை மட்டும் ஏத்துக்காதீங்க சார். கிழிச்சுப் போட்டுடுங்க."

உட்காரச் சொல்வதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டாள். கணவனின் ஆபீஸ் மேனேஜர் நாற்காலியைக் காட்டியதும் நுனியில் ஒட்டிக்கொண்டாள். அவள் தையல்காரி. வீட்டு முன்னறையில் மெஷின், அதுதான் கடை. காலையில் கணவன் எங்கே என்று சொல்லாமல் வெளியே கிளம்பியதும், தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு பஸ் பிடித்து வந்திருந்தாள்.

"விருப்ப ஓய்வு லெட்டரைச் சொல்றீங்களா?"

"அதேதான் சார். அம்பத்தோரு வயசு. இன்னும் ஏழு வருஷம் சர்வீஸ் கிடக்கு. இப்பவே வந்து வீட்டுல உட்கார்ந்தா எப்படி?"

"பணத்துக்குச் சிரமமாம்மா?"

"சிரமமே வராதாம். நோட்டு போட்டு எழுதி வெச்சிருக்கார். பாதிச் செலவு பென்ஷன்ல ஓடிடுமாம். மீதிக்கு நான் தினம் ரெண்டு சட்டை கூடத் தைக்கணுமாம். அவர் ஓய்வெடுக்க என் முதுகு ஒடியணும், நல்லா இருக்கு இல்ல?"

மேனேஜர் எழுந்து மின்விசிறியைக் கூட்டினார், குறைத்தார், ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார். அவள் பார்வை அவர் பின்னாலேயே போனது. மனுஷன் ஏற்கெனவே சரியென்று எழுதிக் குடுத்துத் தொலைத்துவிட்டாரோ?

"தையலைக்கூடப் பொறுத்துக்குவேன் சார். ஓய்வுக்கு ஒத்திகை பார்க்கறேன்னு ஒரு வாரம் லீவு போட்டாரே, அதைத்தான் தாங்க முடியலை. இங்கே ஸ்டோர் கீப்பர்னா வீட்டுலயுமா ஸ்டோர் கீப்பர்? அலமாரிக்கெல்லாம் பூட்டு. பழைய சோப்புத் துண்டைக் காட்டினாத்தான் புது சோப்பு. காலி நூல் ரீலைக் குடுத்தாத்தான் புது ரீல். நேத்து ஒரு அம்மா, சட்டையில பட்டன் விழுந்துடுச்சு, வேற வெச்சுத் தாங்கன்னு வந்தாங்க. விழுந்த பட்டன் எங்கேன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டார்."

மேனேஜர் சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை.

"இங்கேயும் அதே கதைதான்மா. போன மாசம் என் நாற்காலியோட கால் உடைஞ்சு போச்சு. உடைஞ்ச காலைக் கொண்டுவாங்க, புதுசு தர்றேன்னுட்டார். அதைக் கூட்டறவங்க அள்ளிக் குப்பையில போட்டுட்டாங்க. மூணு நாள் நின்னுக்கிட்டே வேலை பார்த்தேன். நான் இங்கே மேனேஜர்."

"அப்போ விட்டாப் போதும்னு அனுப்பி வெச்சுடுவீங்களா?" மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்காவது எட்டு மணி நேரம் சார். எனக்கு நாள் முழுக்க. பைத்தியமே பிடிச்சுடும்."

"பயப்படாதீங்கம்மா. காலையில நேரா இங்கேதான் வந்தார். லெட்டரைத் திரும்ப வாங்கிட்டார்."

அவள் வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

"வீட்டுல ஒரு ஒழுங்கு இல்லை, என் பேச்சுக்கு மரியாதை இல்லைன்னு சொன்னார். ஏழு வருஷமும் இங்கேயே இருந்துட்டுத்தான் போவாராம்."

வேறு நாளாக இருந்தால் இந்தப் பேச்சுக்கு வீட்டில் ரகளையே நடந்திருக்கும். இன்று போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் முதல்முறையாக நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"புண்ணியமாப் போகும் சார். இந்த ஏழு வருஷமும் நீங்கதான் அவரைப் பத்திரமாப் பார்த்துக்கணும்."

மேனேஜர் முன்னால் இருந்த தாளில் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

"அதைப் புதுசா வர்ற மேனேஜர்கிட்ட சொல்லிக்குங்கம்மா. உங்க வீட்டுக்காரர் போயிடுவார்ங்கற நம்பிக்கையிலதான் இத்தனை நாள் பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். எனக்கும் பாதி பென்ஷன்தான் வரும், வீட்டுக் கடன் வேற இருக்கு. பரவாயில்லைன்னு நானே இப்போ விருப்ப ஓய்வு லெட்டர் எழுதிட்டேன்."