நாய்க்குப் பயந்து ஒரு நடை

உடம்பு இளைத்ததற்கு லியோனார்ட் அண்ணன் சொன்ன காரணத்தைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. நம்பவில்லை என்று அவரிடம் சொல்லவும் இல்லை.

ஈப்போவில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். எழுபத்து நாலாம் வருடம் அவர் தன் வீட்டு வாசலில் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவார். அவருடைய அண்ணன் ஆம்புரோஸுக்கும் அதே உடம்பு. அந்த வருடம் வேலை முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்த ஆம்புரோஸ் பிறகு எழுந்திருக்கவில்லை.

துக்கம் முடிந்ததும் லியோனார்ட் அண்ணனை அவர் மனைவி பெட்ரீசியா அக்கா டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

"தினம் நடக்கணுமாம். சோத்தைக் குறைக்கணுமாம், சீனியை விடணுமாம். இல்லேன்னா அண்ணன் போன வழிதானாம்," என்றார் அண்ணன், திரும்பி வந்து.

"செய்யுங்கண்ணே."

"அந்த டாக்டர் என்னைவிடப் பெருசா இருக்காருலா. முதல்ல அவரு நடக்கட்டும்."

அன்று சாயங்காலமும் கடையில் டின் பால் தூக்கலாகப் போட்ட தேத்தண்ணிதான் குடித்தார்.

கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், சாப்பாட்டுக்குப் பிறகு கணவனும் மனைவியும் தெருவில் நடக்கிறார்கள். அக்கா முன்னால், அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால்.

காப்பிக்கடையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசும் சின்னையாவுக்கு அது போதும்.

"வேலை செஞ்சு வந்த மனுசனை மாடு ஓட்டுற மாதிரி ஓட்டிக்கிட்டுப் போவுது பாரு. வீட்டுல சீனியே வாங்குறதில்லையாம். புருசன் ஒல்லியா இருந்தாதான் சர்ச்சுக்குக் கூட்டிப் போக அழகா இருக்குமாம்லா."

நான் அண்ணனிடமே கேட்டேன்.

"எனக்கில்ல தம்பி, அவளுக்கு. அவளுக்கு இனிப்புநீராம், சக்கரை வியாதி. நடந்தே ஆகணுமாம். நாய்னா அவளுக்கு உயிரே போயிரும். இந்தத் தெருவுல தனியா விட முடியுமா?"

"சீனியை விட்டதும் அவங்களுக்காகவா?"

"நான் குடிச்சா அவளுக்கு ஆசை வரும்லா. முதல்ல வாய்க்கே பிடிக்கல. இப்ப கடைத் தேத்தண்ணிதான் தித்திப்பு தாங்கல."

குறை சொல்ல முடியாத பதில். ஆனால் அக்கா ஈர்க்குச்சி மாதிரி இருப்பார். சர்ச் விருந்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே அக்கா இரண்டாவது தடவையும் கேசரி வாங்கிச் சாப்பிட்டதை நான் பார்த்தேன். அண்ணன் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பி யாருக்கோ வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு பக்கத்து ஊர் கோப்பெங்கில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் நல்லம்மாள். அக்கா பிறந்த ரப்பர் தோட்டத்தில் அவருடன் வளர்ந்தவள். பேச்சோடு பேச்சாக நாய் விஷயத்தைச் சொன்னேன்.

"பெட்ரீசியாவுக்கா? நாய்ப் பயமா?" இலையில் வைத்த கை அப்படியே நின்றது. "அவ அப்பாரு காட்டுப்பன்னி வேட்டைக்கு நாய் வளர்த்தவருண்ணே. அத்தனையும் இவ சொன்னாதான் சோறு திங்கும். யாரு உங்ககிட்ட அப்படிச் சொன்னது?"

இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

நாய்ப் பயமும் பொய், இனிப்புநீரும் பொய். டாக்டர் அண்ணனுக்குச் சொன்னதை அக்கா தனக்குச் சொன்னதாக மாற்றிக்கொண்டிருக்கிறார். தனக்காக நடக்காத மனிதர் மனைவிக்காக நடக்கிறார். நான் உண்மையைச் சொன்னால் நடையை நிறுத்திவிடுவார். நிறுத்தினால் அவருக்கும் ஆம்புரோஸின் கதிதான். சொல்லாமல் விட்டால், பக்கத்து வீட்டுக்காரர் ஏமாறுவதைத் தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வாயை மட்டும் மூடிக்கொண்டேன்.

அவர்கள் நடந்தார்கள். மழை பெய்தால் கடை வரிசையின் முன்னால் கூரையோடு இருக்கும் அஞ்சடி நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார்கள். தட்டில் பாதி கீரையும் காயும், மீதிதான் சோறு. கிறிஸ்துமஸுக்கு ஏறும் எடை ஈஸ்டருக்குள் இறங்கிவிடும். நடக்காமல் விட்ட நாளைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. மறுநாள் செருப்பைத் தேடுவார்கள், அவ்வளவுதான்.

தையற்கார மாயாண்டி, லியோனார்ட் அண்ணனின் கால்சட்டை இடுப்பை அவ்வப்போது பிடித்துக் கொடுத்தார். ஒரு கட்டத்துக்கு மேல் பிடிக்க ஒன்றுமில்லை. அதற்குப் பிறகும் அவர்கள் நடந்தார்கள்.

"அதான் இளைச்சாச்சே, இனியும் என்னத்துக்குண்ணே நடை?" என்றான் சின்னையா. அவனுக்கே இப்போது தொப்பை.

"அவளுக்கு இனிப்புநீர் இன்னும் இருக்குல்ல," என்றார் அண்ணன்.

எண்பத்தாறில் அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அந்த வாரம் அக்கா என் வயிற்றை ஒரு பார்வை பார்த்து, "நீங்களும் வாங்க தம்பி, போலாம்," என்றார். போனேன்.

வழியிலிருந்த கார் பட்டறையின் கேட் அன்றைக்குத் திறந்திருந்தது. கறுப்பு நாய் ஒன்று குரைத்துக்கொண்டு பாய்ந்து வந்தது. நான் அண்ணனுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அக்கா ஒரு கையை நீட்டினார். "ஏய். படு."

குரலைக்கூட உயர்த்தவில்லை. நாய் அவர் காலடியில் படுத்து வாலை ஆட்டியது.

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் நிதானமாக நடந்து போய் நாய்க்கும் அக்காவுக்கும் நடுவில் நின்றார்.

"பயந்துட்டியா? நான்தான் இருக்கேன்லா."

"ஆமாங்க," என்றார் அக்கா, கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"பாவம் தம்பி. நாய்னா இவளுக்கு உயிரே போயிரும்."

அக்கா நாலு எட்டு முன்னால் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டேன்:

"அண்ணே, எத்தனை வருசமா உங்களுக்குத் தெரியும்?"